மார்பைச் சிறிதாக்கும் ஒப்பரேசன்: முன்னும் பின்னும் என்ன நடக்கும்

தங்கச்சி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 27. கோப்பாய்ப் பக்கம் படிப்பிக்கிறீர்கள். பெரிய பிள்ளையான காலத்திலிருந்தே மார்பு உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. கழுத்தும் தோளும் ஓயாமல் வலிக்கின்றன, வெக்கைக் காலத்தில் மார்புக்குக் கீழே புண் வருகிறது, கரும்பலகையில் எழுதித் திரும்பவே கூச்சமாக இருக்கிறது. ஒப்பரேசன் செய்தால் என்னவெல்லாம் நடக்கும், எவ்வளவு நாள் வீட்டில் இருக்க வேண்டும், தழும்பு மறையுமா, பிறகு பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். அம்மாவோ, கலியாணம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்கிறா.

நான் சத்திரசிகிச்சை வார்ட்டுகளில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்தவள். டாக்டர் இல்லை. உங்களைத் தொட்டுப் பரிசோதிக்கிற நிபுணர் சொல்வதுதான் உங்களுக்குரிய முடிவு. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவளாக, கிளினிக்கின் அவசரத்தில் யாரும் ஆறுதலாக விளக்காத பலவற்றை என்னால் சொல்ல முடியும்.

ஒன்றை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கோ. நீங்கள் கேட்பது ஆடம்பரம் இல்லை. மார்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தாண்டும்போது அந்தப் பாரம் முழுவதையும் பிறாவின் இரண்டு பட்டிகளும் கழுத்து, தோள், மேல்முதுகுத் தசைகளும்தான் நாள் முழுக்கத் தாங்குகின்றன. தோளில் பட்டி பதிந்து பள்ளம் விழும். உடம்பு தன்னையறியாமல் முன்னுக்குக் கூனும். சிலருக்குத் தலையிடி, சிலருக்கு விரல்களில் விறைப்பு. மார்புக்குக் கீழே தோலோடு தோல் ஒட்டி வியர்வை தேங்கினால் பங்கசு பிடித்துப் புண்ணாகும், நாற்றம் வரும். சித்திரை, வைகாசி வெக்கையில் அந்த எரிச்சல் எப்படியிருக்கும் என்பது அனுபவிக்கிறவருக்குத்தான் தெரியும். இதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, பனடோலும் பவுடருமாக வாழ்க்கையை ஓட்டிய பெண்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். ஐம்பது வயதில் வந்து, "இப்படி ஒன்று இருக்கெண்டு முதலே தெரிஞ்சிருந்தால்" என்று சொன்னவர்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எண்ணெய் பூசினால், கிரீம் தடவினால், மாத்திரை எடுத்தால் மார்பு சிறுக்கும் என்று சொல்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதேயுங்கோ. மார்பில் சுரப்பியும் கொழுப்பும் கலந்துதான் இருக்கின்றன. உடம்பு நிறை குறைந்தால் கொழுப்புப் பங்கு கொஞ்சம் குறையும், சுரப்பிப் பங்கு குறையாது. உங்களைப் போலப் பதின்ம வயதிலேயே பெருத்துவிட்டவர்களுக்கு மெலிவதால் கிடைக்கும் பலன் பெரும்பாலும் கொஞ்சம்தான். இருந்தாலும் நிறை கூடவாக இருந்தால் ஒப்பரேசனுக்கு முன்னரே குறைத்து, சில மாதமாவது அந்த நிறையில் நிலையாக நிற்பது நல்லது. உயரத்துக்கு ஏற்ற நிறையைக் காட்டும் பி.எம்.ஐ. அளவு 30ஐத் தாண்டத் தாண்டக் காயம் ஆறுவதில் சிக்கலும் கூடும். ஒப்பரேசனுக்குப் பிறகு நிறைய மெலிந்தால், சரிசெய்த வடிவமும் தொய்ந்துவிடும்.

எங்கே போவது? யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில், அதாவது போதனா வைத்தியசாலையில், பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கொழும்புக்கு ஓட முதல் அங்கே கேளுங்கோ. ஓ.பீ.டி.யில் காட்டியோ, நிபுணர் ஒருவரைத் தனியாரில் சனல் பண்ணியோ கிளினிக்குக்குக் கடிதம் எடுக்கலாம். அரச ஆஸ்பத்திரியில் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் விபத்து, எரிகாயம், புற்றுநோய் என்று அவசரமானவை முன்னுக்கு வரும், உங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டிவரும். அதனால் கிளினிக்கில் "பெரிசாக இருக்கு, சின்னனாக்க வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதேயுங்கோ. வலி எத்தனை வருடமாக, என்ன மருந்து எடுத்தீர்கள், பிசியோதெரபி செய்தீர்களா, புண் எத்தனை தரம் வந்தது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கோ. புண் வந்த நேரத்தில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

தனியாரில் செய்வதென்றால், சொல்லும் தொகைக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கோ: தியேட்டர், மயக்க மருந்து நிபுணர், வார்ட், வெட்டியெடுத்த பகுதியைப் பரிசோதிக்கும் செலவு, பிறகு மருந்து கட்டுவது, ஏதும் நடந்து திரும்பவும் தியேட்டருக்குப் போக வேண்டிவந்தால் அந்தச் செலவு. காப்புறுதி இருந்தால், இதை அழகுச் சிகிச்சை என்று ஒதுக்குவார்களா, நோய்க்கான சிகிச்சை என்று ஏற்பார்களா என்பதையும் முதலே கேளுங்கோ. கொழும்பில் செய்வதென்றால் இன்னொரு யோசனையும் வேண்டும். ஏ9 வழியே பஸ்ஸில் வந்து சேர எட்டு மணித்தியாலம் அளவில் எடுக்கும். ஒப்பரேசன் முடிந்த கையோடு அப்படியொரு பயணம் வேண்டாம். முதல் பரிசோதனை முடியும் வரையாவது அங்கே தங்க ஓர் இடம் பாருங்கோ. வரும்போது, ஆஸ்பத்திரியால் விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டைக் கையில் எடுத்துவாருங்கோ. காயத்தில் ஏதும் என்றால் யாழ்ப்பாணத்தில் பார்ப்பவருக்கு அதுதான் வழிகாட்டும்.

முதல் சந்திப்பில் நடப்பது பலருக்குக் கூச்சத்தைத் தரும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். இடுப்புக்கு மேலே உடுப்பை அகற்றி, நேராக நிற்கச் சொல்லி, நாடாவால் அளப்பார்கள். கழுத்தடிப் பள்ளத்திலிருந்து முலைக்காம்பு வரை எத்தனை சென்ரிமீற்றர் என்பது முக்கியமான அளவு. 21 முதல் 23 வரை இருப்பது சாதாரணம். உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு 30ஐயும் தாண்டியிருக்கும். படமும் எடுப்பார்கள். படத்தில் முகம் வருமா, யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. பரிசோதிப்பவர் ஆணாக இருந்தால் பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கோ. அதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். அம்மாவையோ அக்காவையோ உள்ளே கூட்டிக்கொண்டும் போகலாம். உங்களுடைய வருத்தங்கள், எடுக்கும் மருந்துகள், குடும்பத்தில் யாருக்கும் மார்புப் புற்றுநோய் வந்ததா என்று எல்லாம் கேட்பார்கள். 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் குடும்பத்தில் புற்றுநோய் இருப்பவர்களுக்கும் முதலில் மமோகிராம், அதாவது மார்பு எக்ஸ்ரே, எடுப்பது வழக்கம். உங்கள் வயதில் தேவையென்றால் ஸ்கானோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில. அஸ்பிரின், இரத்தத்தை இளக்கும் மருந்து, குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை, மீனெண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து, கசாயம் எதுவானாலும் சொல்லுங்கோ. சிலது இரத்தப்போக்கைக் கூட்டும், சிலது இரத்தக்கட்டியை உண்டாக்கும். எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் முடிவெடுக்க வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது. சீனி வருத்தம் இருந்தால் அது கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகுதான் கத்தி. சிகரெட் பிடிப்பவர் குறைந்தது நாலு கிழமைக்கு முன்னரே நிறுத்த வேண்டும். எங்கள் பெண்கள் சிகரெட் பிடிப்பதில்லைத்தான். ஆனால் வெற்றிலையோடு புகையிலை சப்பும் அம்மாமார் இதை வாசித்தால், அதுவும் அதே நிக்கொட்டின்தான். சின்னஞ்சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்கி, முலைக்காம்புக்கு வரும் இரத்தத்தையே தடுத்துவிடும். பால் கொடுத்த தாய்மார், நிறுத்தி ஆறு மாதமாவது ஆன பிறகுதான் இந்த ஒப்பரேசனுக்கு வர வேண்டும்.

எந்த அளவுக்குச் சிறிதாக்குவார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். பிறா சைஸைச் சொல்லி வாக்குக் கேட்காதேயுங்கோ, நல்ல நிபுணர் அப்படி வாக்குக் கொடுக்கவும் மாட்டார். உங்கள் தோள் அகலம், உயரம், தோலின் தன்மை, இரத்தோட்டத்துக்கு எவ்வளவு சதையை விட்டுவைக்க வேண்டும் என்பவற்றைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். உங்கள் விருப்பத்தை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கோ. நடுத்தரமாக இருந்தால் போதும் என்பவரும் உண்டு, முடிந்த மட்டும் சிறிதாக வேண்டும் என்பவரும் உண்டு.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் அல்லது அன்று காலை, உங்களை நிற்கவோ இருக்கவோ வைத்து நெஞ்சில் பேனாவால் கோடு கீறுவார்கள். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்து அளவு மாறிவிடும் என்பதால் இந்த வேலையை நிமிர்ந்த நிலையில்தான் செய்ய வேண்டும். அந்தக் கோட்டை அழிக்காதேயுங்கோ. நகைகள், மூக்குத்தி, நகப்பூச்சு எல்லாம் கழற்ற வேண்டும். கலியாணம் முடித்தவர்கள் தாலிக்கொடியைக் கழற்றத் தயங்குவார்கள். கத்தி வைக்கும் இடத்துக்கு மேலேயே அது கிடப்பதால் கட்டாயம் கழற்றத்தான் வேண்டும். கணவரிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிட்டுப் போங்கோ. சாப்பாடு நிறுத்தும் நேரத்தை மயக்க மருந்து டாக்டர் சொல்வார். "ஒரு வாய் தேத்தண்ணிதானே" என்று குடித்துவிட்டு வந்தால் ஒப்பரேசன் தள்ளிப்போகும்.

இனித் தியேட்டருக்குள். முழு மயக்கத்தில்தான் செய்வார்கள், எடுப்பது ஏறத்தாழ இரண்டு முதல் நாலு மணித்தியாலம். வெட்டும் முறைகள் சில உண்டு. மிகப் பெரிய மார்புக்கு வழமையானது நங்கூர வடிவம்: முலைக்காம்பின் கருவட்டத்தைச் சுற்றி ஒரு வெட்டு, அதிலிருந்து நேரே கீழே ஒன்று, மார்பின் அடிமடிப்பு நெடுக இன்னொன்று. தோலில் கீறுவதற்கான இந்த அளவுப் படத்தை 1956இல் றொபேட் வைஸ் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் வெளியிட்டார். பிறா தைப்பதற்கான வெட்டுப்படத்தைப் பார்த்துத்தான் அவர் அதை வரைந்தார். இன்றும் உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. அடுத்தது, அடிமடிப்பு வெட்டு இல்லாமல் வட்டமும் நேர்கோடும் மட்டும் வரும் முறை. நடுத்தர அளவுக்கு ஏற்றது. கொழுப்பு அதிகமாகவும் தொய்வு குறைவாகவும் இருப்பவர்களுக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதோடு முடிப்பதும் உண்டு.

பலர் பயப்படுவதுபோல, முலைக்காம்பை வெட்டியெடுத்துத் திரும்ப ஒட்டுவது வழமை இல்லை. இரத்தக்குழாய்களும் நரம்பும் உள்ள ஒரு சதைத்தண்டோடு அது உடம்பில் ஒட்டியபடியேதான் இருக்கும். சுற்றியுள்ள மேலதிகச் சுரப்பி, கொழுப்பு, தோலை எடுத்துவிட்டு, அந்தத் தண்டோடு முலைக்காம்பை மேலே நகர்த்தி வைப்பார்கள். கருவட்டம் விரிந்திருந்தால் அதையும் சிறிதாக்குவார்கள். மிக மிகப் பெரிய மார்பில், அந்தத் தண்டு அளவுக்கு மீறி நீண்டு இரத்தம் எட்டாது என்று தெரிந்தால் மட்டும், முலைக்காம்பை முழுதாக எடுத்துத் தோல் ஒட்டுவதுபோல ஒட்டுவார்கள். மக்ஸ் தோறெக் 1922இல் தொடக்கிய முறை அது. அப்படிச் செய்தால் உணர்வும் போகும், பால் கொடுக்கவும் முடியாது. உங்களுக்கு எது என்று முதலே கேளுங்கோ. தியேட்டரில் தேவைப்பட்டால் மாற்ற நேரிடுமா என்றும் கேளுங்கோ.

எடுத்த சதையை நிறுப்பார்கள். ஒரு பக்கத்தில் அரைக் கிலோவும் அதற்கு மேலும் எடுப்பது சாதாரணம். அதை நோயியல் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். வெளியில் ஒன்றும் தெரியாத சிலருக்குப் புற்றுநோய் அதில் பிடிபட்டிருக்கிறது. மிகச் சிலருக்குத்தான், ஆனாலும் அந்த அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கோ. நடைமுறையில் பலர் மறந்துவிடும் விசயம் இது.

மயக்கம் தெளியும்போது நெஞ்சை இறுக்கிக் கட்டியிருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ட்றெயின் ரியூப் வெளியே வந்து சின்னப் போத்தலுக்குள் இரத்தம் கலந்த நீர் வடிந்துகொண்டிருக்கலாம். எல்லா நிபுணர்களும் அதை வைப்பதில்லை. வைத்தால் ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள். வலி இருக்கும், ஆனால் வயிற்று ஒப்பரேசன் அளவுக்கு இராது. பெரும்பாலானவர்கள் முதல் மூன்று நான்கு நாளுக்குப் பிறகு பனடோலோடு சமாளித்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு விடுவார்கள். பல பெண்கள் முதல்முறை எழும்பி நின்றவுடனேயே தோளில் வித்தியாசம் தெரிகிறது என்று சொல்வார்கள். காயவலி இருக்கும்போதே அந்தப் பழைய பாரம் இல்லாமல் போய்விடும். முகத்தில் அது தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. எங்கள் வீடுகளில் பெண் சும்மா இருக்கிறது என்பது நடக்காத காரியம், அதனால் இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கோ. நாலு முதல் ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. இரண்டு கிலோ அரிசிப் பைக்கு மேல் எதுவும் வேண்டாம். கிணற்றில் தண்ணி அள்ளக் கூடாது. இடியப்பம் பிழியக் கூடாது, அது நெஞ்சுத் தசையைத்தான் பிடித்திழுக்கும். தேங்காய் துருவுவது, முற்றம் கூட்டுவது, உடுப்புப் பிழிவது, சின்னப் பிள்ளைகளைத் தூக்குவது எல்லாம் வேண்டாம். கையைத் தோளுக்கு மேலே உயர்த்தாமல் இருப்பதற்கு, தலை இழுத்துப் பின்ன முதல் இரண்டு கிழமைக்கு யாராவது உதவ வேண்டும். அதற்காகப் படுத்தபடியே கிடக்கவும் கூடாது. அடுத்த நாளே எழும்பி வீட்டுக்குள் நடவுங்கோ, காலில் இரத்தம் கட்டாமல் காக்கும்.

மல்லாந்துதான் படுக்க வேண்டும், முதுகுக்கும் தலைக்கும் தலைகணி வைத்துக் கொஞ்சம் உயர்த்தி. ஒப்பரேசனுக்குப் பிறகு போடும், கம்பி இல்லாத, முன்பக்கம் திறக்கும் இறுக்கமான பிறாவை இரவும் பகலும் ஏறத்தாழ ஆறு கிழமை போட வேண்டும். எங்கள் வெக்கைக்கு இரண்டு மூன்று வாங்கிவைத்து, வியர்வை பட்டவுடன் மாற்றுங்கோ. முன்பக்கம் பொத்தான் வைத்த பருத்திச் சட்டைகளை முதலே தைப்பித்து வைத்தால், தலைவழியாகப் போடும் சிரமம் இல்லை. நாளைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், மார்கழி, தை மாதத்து ஆறுதலான காலத்தைக் கேளுங்கோ. வியர்வை குறைந்தால் அடிமடிப்புக் காயம் நன்றாக ஆறும்.

எப்போது குளிப்பது என்பதை உங்கள் டாக்டர் சொல்வார், பலர் இரண்டு நாளுக்குப் பிறகு விடுவார்கள். மெல்ல வார்த்து, தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். காயம் முழுதாக மூடும் வரை கீரிமலைக் கேணியும் வேண்டாம், கடலும் வேண்டாம். ஸ்கூட்டி ஓடுவது இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு, திடீரென்று பிறேக் பிடித்தாலும் நெஞ்சில் வலியில்லை என்றால் மட்டும். எங்கள் உள்வீதிகளின் குழியில் விழுந்தெழும்ப முதல் கிழமைகளில் ஓட்டோவும் கூடச் சரிவராது. உங்கள் வேலைக்கு மூன்று கிழமை லீவு எடுங்கோ. இரண்டில் போகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் வகுப்பறையில் நாள் முழுக்க நின்று, கையை உயர்த்தி எழுதுவது வேறு. உடற்பயிற்சி, விளையாட்டு ஆறு கிழமைக்குப் பிறகு. நல்லூர்த் திருவிழாச் சனநெரிசலுக்குள்ளும் அதுவரை போகாதேயுங்கோ, ஒரு முழங்கை பட்டாலே போதும்.

சாப்பாட்டில் எங்கள் ஊரில் பெரிய சண்டையே நடக்கும். கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, முட்டை கூடாது, மீன் கூடாது என்று ஒவ்வொன்றாக நிறுத்திக் கடைசியில் நோயாளி சோறும் ரசமுமாக இருப்பா. காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, முருங்கையிலை எல்லாம் கொடுங்கோ. ஏற்கனவே ஒவ்வாமை உள்ள சாப்பாட்டை மட்டும் விடுங்கோ. வலி மருந்துகள் சிலது மலச்சிக்கலைத் தரும். பப்பாசிப்பழம், கீரை, தண்ணி கூடுதலாக எடுங்கோ, முக்கக் கூடாது. காயத்தில் மஞ்சள், வேப்பெண்ணெய், தேன், கற்றாழை எதையும் பூசாதேயுங்கோ. அன்பினால் பூசுவார்கள் என்று தெரியும், ஆனால் திறந்த காயத்துக்குள் கிருமியைக் கொண்டுபோய் விடுவதாகத்தான் முடியும்.

சிக்கல்களைப் பயமுறுத்தாமல் ஆனால் தெளிவாகச் சொல்கிறேன். அடிக்கடி வருவது, நேர்வெட்டும் அடிமடிப்பு வெட்டும் சந்திக்கும் இடத்தில் காயம் கொஞ்சம் பிரிவது. இழுவை கூடியதும் இரத்தம் குறைந்ததும் அந்த இடம்தான். இரண்டாம் மூன்றாம் கிழமையில் பத்து சத நாணயம் அளவுக்குத் திறந்து தண்ணி வடியும்போது பெண்கள் அழுதுகொண்டு வருவார்கள், எல்லாம் கெட்டுப்போச்சு என்று. கெடவில்லை. ஒழுங்காக மருந்து கட்டினால் சில கிழமைகளில் தானாக மூடும். திரும்பத் தைக்க வேண்டிவருவது குறைவு. உள்ளே கட்டிபோல ஒன்று தட்டுப்படலாம். இரத்தம் குறைந்த கொழுப்பு இறுகிப்போனதாக இருக்கும், ஆனால் காட்டித்தான் உறுதிப்படுத்த வேண்டும்.

இரவென்றாலும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை வேறு. முதல் ஒரு நாள், இரண்டு நாளுக்குள் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, கல்லாக இறுகி, வலி கூடினால் உள்ளே இரத்தம் தேங்குகிறது. திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோக நேரிடும். முலைக்காம்பு நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், காய்ச்சலோடு மார்பு சிவந்து சிதல் வடிந்தால், ஒரு கால் மட்டும் கெண்டையில் வீங்கி நொந்தால், திடீரென்று மூச்செடுக்கக் கஷ்டமாகவும் நெஞ்சு குத்தவும் செய்தால், விடியட்டும் என்று இருக்காதேயுங்கோ. கடைசிச் சொன்ன இரண்டுக்கும் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.

தழும்பு மறையாது. மங்கும், ஆனால் இல்லாமல் போகாது. இதை முழுதாக ஏற்றுக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கோ. முதல் ஆறு மாதம் சிவந்து, தடித்து, கடியோடு இருக்கும், முன்னையைவிட மோசமாகிறது என்றுகூடத் தோன்றும். பிறகு ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மெல்லிய கோடாக இறங்கும். எங்கள் நிறத்துத் தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு வெள்ளைத் தோலைவிடக் கூட. காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்குத் தடிப்பு வளர்ந்திருந்தால் அதை டாக்டருக்குக் காட்டுங்கோ. காயம் முழுதாக மூடிய பிறகு சிலிக்கன் ஜெல் அல்லது சிலிக்கன் ஒட்டு மாதக்கணக்கில் பாவிப்பது உதவும். தடித்தால் தழும்புக்குள் ஸ்ரெறொயிட் ஊசி போடலாம். சட்டை, சேலை, பிறா எதற்குள்ளும் அந்தக் கோடுகள் வெளியில் தெரியாது.

வடிவமும் உடனே வராது. முதலில் மேலே தூக்கி, சதுரமாக, வீங்கி நிற்கும். மூன்று முதல் ஆறு மாதத்தில் இறங்கி உருண்டு வரும். அதுவரை புதுப் பிறாக்களுக்குக் காசு செலவழிக்காதேயுங்கோ. இரண்டு பக்கமும் அச்சடித்ததுபோல் ஒன்றாக இராது, முன்னரும் அப்படி இருந்திருக்காது. முலைக்காம்பில் உணர்வு குறையலாம், சிலருக்கு மாதக்கணக்கில் திரும்பும், சிலருக்கு ஒரு பகுதி நிரந்தரமாகப் போகும். சிலருக்குக் கொஞ்சக் காலம் அளவுக்கு மீறிக் கூசும். ஒப்பரேசன் முடிந்த முதல் கிழமைகளில் காரணமில்லாமல் அழுகை வருவதும் உண்டு. மயக்க மருந்து, வலி, நித்திரையின்மை, தன் உடம்பே புதிதாகத் தெரிவது எல்லாம் சேர்ந்து வருவது அது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும், பெரும்பாலும் தானாகத் தெளியும்.

இனி அம்மாவின் கவலைக்கு வருகிறேன், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. முலைக்காம்போடு சேர்ந்த சுரப்பியையும் பால் நாளங்களையும் விட்டுவைக்கும் முறையில் செய்தால், பால் கொடுக்க முடிந்தவர்கள் இருக்கிறார்கள். முழுதாகக் கொடுத்தவரும் உண்டு, புட்டிப்பாலும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவந்தவரும் உண்டு, சுரக்காமலே போனவரும் உண்டு. உங்களுக்கு எது என்று எந்த நிபுணராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இன்னொன்று, பிள்ளை வயிற்றில் தங்கும்போது மார்பு பெருக்கும், பிறகு தொய்யும். சிலருக்கு ஒப்பரேசனின் பலன் கொஞ்சம் குறையும். ஆகவே அடுத்த வருடமே கலியாணம், பிள்ளை என்று உறுதியாக இருந்தால், பிள்ளைகள் பெற்று, பால் நிறுத்தி, பிறகு செய்வது நல்ல யோசனை.

ஆனால் உங்களுக்கு இன்னும் கலியாணம் ஒன்றும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது வரும் என்று தெரியாத ஒரு நாளுக்காக இன்னும் பத்து வருடம் வலியோடு இரு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 27 வயதில் மார்பு வளர்ச்சி முடிந்துவிட்டது, உடம்பு நன்றாக ஆறும் வயது. பால் போதாத பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது. பேச்சுக்கால் வரும்போது மாப்பிள்ளை வீட்டுக்கு மறைக்க வேண்டிய ஒன்றும் இதில் இல்லை. கலியாணம் செய்யப்போகிறவரிடம் நீங்களே சொல்லலாம், அது உங்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ள விசயம். பால் கொடுப்பது உங்கள் மனதுக்கு மிகப் பெரிதென்றால் காத்திருங்கோ. வலி அதைவிடப் பெரிதென்றால் இப்போதே கிளினிக்குக்குப் போங்கோ. இரண்டில் எதுவானாலும் தீர்மானிப்பது நீங்கள்தான், அம்மா துணைக்கு நிற்கலாம்.

ஒப்பரேசன் செய்தவர்களும் வழக்கம்போல மாதாமாதம் மார்பைத் தடவிப் பார்க்க வேண்டும். 35 வயதானதும் உங்கள் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் பெண்களைப் பரிசோதிக்கும் வெல்வுமன் கிளினிக்குக்குப் போங்கோ. எங்கே ஸ்கான், மமோகிராம் எடுத்தாலும் இந்த ஒப்பரேசன் நடந்ததென்று முதலே சொல்ல வேண்டும். உள்தழும்பு படத்தில் கட்டிபோலத் தெரியும், சொல்லாவிட்டால் வீண் பயமும் ஊசிப் பரிசோதனையுமாக அலைய நேரிடும்.

கிளினிக்குக்குப் போகும்போது கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டு போங்கோ, உள்ளே போனால் மறந்துவிடும். எந்த வெட்டு முறை, முலைக்காம்பு எந்தத் தண்டில் நிற்கும், என் மார்பில் பால் நாளங்கள் எவ்வளவு மிஞ்சும், ட்றெயின் வைப்பீர்களா, இப்படியான ஒப்பரேசனை நீங்கள் வழமையாகச் செய்கிறீர்களா, இரவில் ஏதும் நடந்தால் எந்த வார்ட்டுக்கு வர வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதிலைத் தொலைபேசி இலக்கத்தோடு வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டிவையுங்கோ.